ஒரே ‘வந்தால்’, மூன்று ‘இஃப்’: ஆங்கிலத்தில் எந்த டென்ஸ் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்து வருகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்காகத் தேர்வு எழுதும் நர்ஸுகள் என்று பலரும் வருகிறார்கள். யாராக இருந்தாலும் தடுக்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு. ‘இஃப்’ என்று வாயைத் திறந்துவிடுவார்கள், அடுத்து வினைச்சொல்லை எந்த டென்ஸில் வைப்பது என்று தெரியாமல் திகைப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்காக. இந்தப் பாடம் காது வழியாகத்தான் சீக்கிரம் பிடிபடும்.

‘இஃப்’ போட்டதும் எந்த டென்ஸ் என்று முடிவு செய்ய முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கதவு திறந்திருக்கிறதா, சாத்திவிட்டதா என்று பாருங்கள். நீங்கள் சொல்கிற விஷயம் நடக்க வாய்ப்புள்ளதா, நடக்காது என்று உங்களுக்கே தெரியுமா, இல்லை நடக்காமலே முடிந்துபோனதா? இதற்கு மனதுக்குள் பதில் சொல்லிவிட்டால் டென்ஸ் தானாக வந்து நிற்கும்.

மூன்று பஸ்களை வைத்துப் பார்ப்போம். ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். பஸ் வரலாம், வராமலும் போகலாம். ‘பஸ் வந்தால் ஏறிவிடுவேன்.’ ஆங்கிலத்தில், ‘இஃப் த பஸ் கம்ஸ், ஐ வில் கெட் ஆன்.’

அடுத்தது, பஸ்ஸே வராத கிராமம். ‘எங்க ஊருக்கு பஸ் வந்தால் நான் காலேஜுக்குப் போவேன்.’ இங்கேயும் தமிழில் ‘வந்தால்’தான். ஆனால் வருவதில்லை என்பது சொல்கிறவருக்குத் தெரியும். அதனால் ஆங்கிலம் மாறுகிறது: ‘இஃப் எ பஸ் கேம் டு அவர் வில்லேஜ், ஐ வுட் கோ டு காலேஜ்.’

மூன்றாவது, நேற்று வராமலே போன பஸ். ‘பஸ் வந்திருந்தால் ஏறியிருப்பேன்.’ ‘இஃப் த பஸ் ஹேட் கம், ஐ வுட் ஹேவ் காட் ஆன்.’ இனி யாராலும் அந்த பஸ்ஸை வரவழைக்க முடியாது.

முதலுக்கும் இரண்டாவதுக்கும் தமிழில் ஒரே சொல் என்பதைக் கவனித்தீர்களா? நம்மவர்கள் தடுமாறுவதில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான். மூன்றாவது நமக்கு ஏற்கெனவே தாய்மொழியில் இருக்கிறது.

ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கண்டிஷனல் என்று நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பெயர்கள் தேர்வுக்குப் பயன்படும், அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் நடப்பது ஜீரோ: ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.’ ஸ்டாப் பஸ் ஃபர்ஸ்ட். கிராமத்து பஸ் செகண்ட். நேற்றைய பஸ் தேர்ட்.

ஆனால் இந்த எண்கள் வகுப்பறைக்காக வைத்த பெயர்கள். பேசுகிறவர் யாரும் மனதுக்குள் எண்ணிவிட்டுப் பேசுவதில்லை. ஆங்கில இலக்கணத்தை விரிவாக எழுதிய ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் இரண்டே பிரிவுதான் வைக்கிறார்கள்: திறந்த நிபந்தனை, தொலைவான நிபந்தனை. ஜீரோவும் ஃபர்ஸ்டும் திறந்தவை. செகண்டும் தேர்டும் தொலைவானவை. இந்தப் பிரிப்பு வந்த பிறகு நான்கு பெட்டிகளை விட்டுவிட்டு இரண்டைத்தான் முதல் நாள் சொல்லித் தருகிறேன். குழப்பம் பாதியாகக் குறைகிறது.

நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும்போது எதற்கு இறந்தகாலம்? ‘இஃப் ஐ வென்ட் டுமாரோ’ தப்பாகத் தெரிகிறதே?

நியாயமான கேள்வி. ஆனால் நீங்களும் தினமும் இதையேதான் செய்கிறீர்கள்.

‘பெய்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெய் + த் + ஆல். அந்த ‘த்’ என்ன? ‘பெய்தது’ என்பதில் வருகிற அதே இறந்தகால இடைநிலை. ‘வந்தால்’ என்பதில் ‘வந்த்’. ‘போனால்’ என்பதில் ‘போன்’. ‘படித்தால்’ என்பதில் ‘படித்த்’. நாளைக்குப் பெய்யப்போகிற மழையை ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று இறந்தகாலப் பகுதியை வைத்துத்தான் சொல்கிறோம். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரிவதில்லை.

பழந்தமிழில் இப்படி இல்லை. ‘மழை பெய்யின் குளம் நிறையும்’ என்பதில் இறந்தகாலம் கிடையாது. இந்தச் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை நன்னூல் எதிர்கால வினையெச்சங்களோடுதான் வைக்கிறது. பிறகு பேச்சிலும் எழுத்திலும் ‘பெய்தால்’ முன்னே வந்துவிட்டது. ஆக, இறந்தகால வடிவத்தை எடுத்து இன்னும் நடக்காததைச் சொல்வது ஆங்கிலக்காரர்களின் தனிப் பழக்கம் அல்ல.

ஒரே வித்தியாசம் இதுதான். தமிழ் எல்லா ‘ஆல்’ வாக்கியத்துக்கும் அந்த வடிவத்தைப் போடுகிறது. ஆங்கிலம் நம்பிக்கை குறைந்த இடத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ‘இஃப் ஐ கோ டுமாரோ’ என்றால் போவதாக ஒரு எண்ணம் இருக்கிறது. ‘இஃப் ஐ வென்ட் டுமாரோ’ என்றால் ‘சும்மா ஒரு பேச்சுக்கு, போனேன் என்றே வைத்துக்கொள்’ என்று அர்த்தம். அந்த ‘வைத்துக்கொள்’ என்கிற தொனியைத்தான் ‘வென்ட்’ சுமக்கிறது. காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘பணம் இருந்தால் வாங்குவேன்.’ இதற்கு ‘இஃப் ஐ ஹேவ் மணி’யா, ‘இஃப் ஐ ஹேட் மணி’யா?

எழுதி வைத்துப் பார்த்தால் சொல்ல முடியாது. பேச்சில் கேட்டால் சொல்லிவிடலாம். ஏனென்றால் தமிழ் இந்த வித்தியாசத்தை வினைச்சொல்லில் காட்டாமல் வேறு இடத்தில் காட்டுகிறது. எங்கே என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெருமுனையில் இரண்டு நண்பர்கள்.

‘மாப்ள, ஒரு ஐயாயிரம் இருந்தா குடுடா.’

‘இருந்தா தர மாட்டேனாடா?’

முதல் ஆளுக்கு இவனிடம் பணம் இருக்கிறதா என்று தெரியாது. திறந்த கதவு: ‘இஃப் யூ ஹேவ் ஃபைவ் தவுசண்ட், லெண்ட் இட் டு மி.’ இரண்டாவது ஆளுக்குத் தன் பர்ஸ் காலி என்பது தெரியும். ‘இஃப் ஐ ஹேட் இட், ஐ வுட் கிவ் இட் டு யூ.’ இருவரும் சொன்னது ‘இருந்தா’ என்ற ஒரே சொல். ‘தர மாட்டேனா’ என்ற கேள்விதான் கதவைச் சாத்துகிறது. தமிழில் இப்படி ‘மாட்டேனா’ என்று முடிந்தால் அநேகமாக ஆங்கிலத்தில் ‘வுட்’ வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு அடையாளம் கடைசியில் ஒட்டும் ஏகாரம். ‘அப்பா இருந்தால் கேட்டுச் சொல்வேன்’ என்றால் அப்பா வீட்டில் இருக்கலாம். ‘அப்பா இருந்தால் கேட்டுச் சொல்வேனே’ என்றால் அப்பா இல்லை. அந்த ஒரு ஏகாரத்துக்காக ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்களும் மாறுகின்றன: ‘இஃப் டேட் வேர் ஹியர், ஐ வுட் ஆஸ்க் ஹிம்.’

மூன்றாவது, ‘மட்டும்’. ‘எனக்கு மட்டும் கார் ஓட்டத் தெரிந்தால்...’ என்று ஆரம்பித்தாலே தெரியாது என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மிரட்டும்போதும் ‘மட்டும்’ வரும். ‘நீ மட்டும் அங்கே போனால் பார்’ என்று அம்மா சொன்னால் கதவு நன்றாகத் திறந்திருக்கிறது. அது ‘இஃப் யூ கோ தேர்’தான்.

மொழிபெயர்க்கும் முன் உங்கள் தமிழ் வாக்கியத்தை ஒருமுறை இயல்பாகச் சொல்லுங்கள். ‘மாட்டேனா’வோ ஏகாரமோ வந்து ஒட்டிக்கொள்ளத் துடிக்கிறதா? அப்படியென்றால் ‘ஹேட்’, ‘வுட்’.

‘இஃப்’ இருக்கும் பகுதியில் ‘வில்’ வரவே கூடாதா?

பெரும்பாலும் கூடாது. ஏன் என்பதை வகுப்பில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

நர்ஸுகள் எழுதும் ஓஇடி தேர்வில் நோயாளியிடம் பேசுவதுபோல ஒரு பகுதி உண்டு. அதற்காக ஒரு மாலை பயிற்சி நடந்தது. நான் கட்டிலில் இருக்கும் நோயாளி. ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, மேஜைமேல் இருந்த டஸ்டரை மணியாகப் பாவித்துக் காட்டி, ‘இஃப் யூ வில் ஹேவ் பெயின், ப்ரெஸ் திஸ் பெல்’ என்றார். குரலில் அவ்வளவு கனிவு. வாக்கியம் மட்டும் உறுத்தியது. வலி இனிமேல்தானே வரும், அதனால் ‘வில்’ போட்டேன் என்றார்.

‘தமிழில் நோயாளியிடம் என்னம்மா சொல்வீர்கள்?’ என்று கேட்டேன். ‘வலி இருந்தா இந்த பெல்லை அமுக்குங்க’ என்றார். அந்த ‘இருந்தா’வில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? இல்லை. நிபந்தனை என்றாலே இன்னும் நடக்காதது என்று தெரிந்துவிடுகிறது, தனியாக எதிர்காலம் காட்டத் தேவையில்லை. ஆங்கிலத்திலும் அதே நியாயம்: ‘இஃப் யூ ஹேவ் பெயின், ப்ரெஸ் திஸ் பெல்.’ எதிர்காலம் வேண்டுமென்றால் அடுத்த பகுதியில் வைத்துக்கொள்ளலாம்: ‘இஃப் யூ ஹேவ் பெயின், ஐ வில் கிவ் யூ எ டேப்லெட்.’

அப்படியானால் எப்போது வரும்? எதிராளியின் சம்மதத்தைக் கேட்கும்போது வரும். ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் த டாக்டர்.’ கொஞ்சம் பொறுத்துக்கொள்வீர்களானால் டாக்டரைக் கூப்பிடுகிறேன். ‘பொறுத்தால்’ என்பதற்கும் ‘பொறுத்துக்கொள்வீர்களானால்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பின்னதில் ஒரு பணிவான வேண்டுகோள் இருக்கிறது. வலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, அதனால் அங்கே ‘வில்’லுக்கு வேலை இல்லை.

‘வில்’லை விட ‘வுட்’ மரியாதையானது என்று எல்லா இடத்திலும் ‘வுட்’ போடலாமா?

இந்தப் பழக்கம் இந்தியா முழுக்க இருக்கிறது. ‘த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே’ என்று எத்தனையோ மெயில்கள் வருகின்றன. நம்மூரில் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் படித்தால் அடுத்து ஒரு ‘இஃப்’ அல்லது ‘பட்’ வரும் என்று காத்திருப்பார். ‘நடக்கும்தான், ஆனால்...’ என்பதுபோல அவர் காதில் விழும். திங்கட்கிழமை கூட்டம் நிச்சயம் என்றால் ‘வில் பி ஹெல்ட்’ என்று எழுதுங்கள். ‘வில்’ போடுவதால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

‘-இருந்தால்’ என்று தமிழில் வந்தால் எப்போதும் ‘ஹேட்’ போட்டுவிடலாமா?

பெரும்பாலும் சரியாக வரும். ‘நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்’ என்பதும் ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மி, ஐ வுட் ஹேவ் கம்’ என்பதும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. ‘சொல்லியிருந்தால்’ என்றால் ‘ஹேட் டோல்ட்’. ‘வந்திருப்பேன்’ என்றால் ‘வுட் ஹேவ் கம்’. இவ்வளவு நேராகப் பொருந்தும் இடம் இரண்டு மொழிகளுக்கும் இடையில் அதிகம் இல்லை.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. நன்றாகத் தெரிந்தவர்களே விழுகிற குழி என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

‘நேற்றே கூரியர் அனுப்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்கும்.’

இந்த வாக்கியத்தை இரண்டு பேர் சொல்கிறார்கள். ஒருவர் ஆபீஸ் ரிசப்ஷனில் நிற்கிறார். அனுப்பினார்களா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. ‘அனுப்பியிருந்தால் வந்திருக்கும், உள்ளே பார்த்துச் சொல்லுங்க’ என்கிறார். இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அனுப்ப வேண்டிய கவர் அவர் எதிரில் மேஜைமேலேயே கிடக்கிறது. ‘அனுப்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்கும்’ என்று தம்பியைக் கடிந்துகொள்கிறார். தமிழில் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம்.

ஆங்கிலத்தில் முதலாமவர் சொல்ல வேண்டியது: ‘இஃப் தே சென்ட் இட் எஸ்டர்டே, இட் வில் ஹேவ் அரைவ்ட் பை நவ்.’ இரண்டாமவர் சொல்ல வேண்டியது: ‘இஃப் யூ ஹேட் சென்ட் இட் எஸ்டர்டே, இட் வுட் ஹேவ் அரைவ்ட் பை நவ்.’ முதலாமவர் தெரியாமல் ‘ஹேட் சென்ட்’ என்று சொல்லிவிட்டால், ‘அவர்கள் அனுப்பவே இல்லை’ என்று குற்றம் சாட்டியதாக ஆகிவிடும். கஸ்டமரோடு மெயிலில் பேசுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டினாரா என்று தெரியாதவரிடம் ‘இஃப் யூ ஹேவ் பெய்ட்’ அல்லது ‘இஃப் யூ பெய்ட்’ என்று எழுதுங்கள். ‘இஃப் யூ ஹேட் பெய்ட்’ என்றால் அவர் கட்டவில்லை என்று நீங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி.

‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ சரியா? சிலர் பேசுகிறார்களே?

அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் சொல்வதுண்டு. எழுத்திலும் தேர்விலும் தப்பு. ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்று சொல்லுங்கள். ‘வுட் ஹேவ்’ மற்ற பகுதிக்கு உரியது.

இரண்டு பகுதிகளும் வேறு வேறு காலமாக இருக்கலாமா?

தாராளமாக. ‘அந்த வேலையில் சேர்ந்திருந்தால் இப்போது சென்னையில் இருப்பேன்.’ சேராதது அன்றைக்கு. சென்னையில் இல்லாதது இன்றைக்கு. ‘இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் சென்னை நவ்.’ இதை மிக்ஸ்டு கண்டிஷனல் என்பார்கள். மறுபக்கமாகவும் வரும். ‘எனக்கு ஹிந்தி தெரிந்தால் அன்றைக்கு டெல்லியில் அப்படித் திண்டாடியிருக்க மாட்டேன்.’ இன்றைக்கும் தெரியாது என்பதால், ‘இஃப் ஐ நியூ ஹிந்தி, ஐ வுட்ன்ட் ஹேவ் ஸ்ட்ரகிள்ட் இன் டெல்லி.’ ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாக வேண்டும் என்று கவலைப்படாதீர்கள்.

‘இஃப் ஐ வாஸ்’ சரியா, ‘இஃப் ஐ வேர்’ சரியா?

கற்பனையாகச் சொல்லும்போது ‘வேர்’. நடக்காததைச் சொல்வதற்கென்று பழைய ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குத் தனி வடிவம் இருந்தது. மற்ற வினைச்சொற்களில் அது இறந்தகால வடிவத்தோடு கலந்து மறைந்துவிட்டது. ‘பி’ என்ற ஒரு வினையில் மட்டும் ‘ஐ வேர்’, ‘ஹி வேர்’ என்று எஞ்சி நிற்கிறது. பேச்சில் ‘இஃப் ஐ வாஸ் ரிச்’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அதைத் தப்பு என்று திருத்த வேண்டியதில்லை. தேர்விலும் ஆபீஸ் கடிதத்திலும் ‘வேர்’ எழுதுங்கள். ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற அறிவுரைத் தொடரில் எப்போதும் ‘வேர்’தான் நன்றாக இருக்கும்.

‘வேர்’ மேல் காதல் வந்து எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். ‘நேற்று நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்பதில் பேசியிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ‘இஃப் ஐ வாஸ் ரூட் எஸ்டர்டே, ஐ அம் ஸாரி.’ இங்கே ‘வேர்’ போட்டால் பொருந்தாது.

‘அப்பா வந்தால் சொல்லு’ என்பதற்கு ‘இஃப்’பா, ‘வென்’னா?

அப்பா வருவது நிச்சயம் என்றால் ‘வென் டேட் கம்ஸ், டெல் மி.’ வருவாரா என்றே தெரியாவிட்டால் ‘இஃப் டேட் கம்ஸ்’. தினமும் ஆறு மணிக்கு வீடு திரும்புகிற அப்பாவைப் பற்றி ‘இஃப்’ போட்டுச் சொன்னால் கேட்கிறவருக்குத் திக்கென்று இருக்கும். நாம் ‘வந்தால்’ என்பதை ‘வந்ததும்’ என்ற அர்த்தத்திலும் சாதாரணமாகச் சொல்கிறோம். அதனால் ஒரு நொடி யோசியுங்கள். ‘வந்ததும்’ என்று மாற்றினாலும் பொருள் கெடவில்லை என்றால் ‘வென்’. இரண்டிலும் பிறகு வருவது ‘கம்ஸ்’தான், ‘வில் கம்’ அல்ல.

கூடவே ‘இன் கேஸ்’ பற்றியும் கேட்பார்கள். ‘டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்’ என்றால் மழை வந்தாலும் வரலாம், இப்போதே குடையை எடுத்துக்கொள் என்று பொருள். ‘ஓபன் த அம்ப்ரெல்லா இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்றால் மழை வந்தபிறகு விரி.

‘அன்லெஸ்’ போடும்போது ‘நாட்’ வேண்டுமா?

வேண்டாம். ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே இல்லை என்பது அடங்கியிருக்கிறது. ‘படிக்காவிட்டால் பாஸாக மாட்டாய்’: ‘அன்லெஸ் யூ ஸ்டடி, யூ வில் நாட் பாஸ்.’ ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி’ என்று எழுதினால் படித்தால் பெயிலாவாய் என்று ஆகிவிடும்.

‘ஈவன் இஃப்’, ‘ஈவன் தோ’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இதில் தமிழே உங்களுக்கு ஆசிரியர். ‘மழை பெய்தாலும் வருவேன்’ என்றால் பெய்யுமோ பெய்யாதோ தெரியாது: ‘ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் கம்.’ ‘மழை பெய்தும் வந்தேன்’ என்றால் பெய்தது உண்மை: ‘ஈவன் தோ இட் ரெய்ன்ட், ஐ கேம்.’ ‘பெய்தாலும்’, ‘வந்தாலும்’ என்று வந்தால் ‘ஈவன் இஃப்’, ‘பெய்தும்’, ‘வந்தும்’ என்று வந்தால் ‘ஈவன் தோ’. இதைச் சொன்னதும் பலருக்கும் முகம் மலர்ந்துவிடும். எனக்குப் பிடித்த பாடம் இது.

மேனேஜரிடம் அனுமதி கேட்கும்போது எது நல்லது?

‘ஈஸ் இட் ஓகே இஃப் ஐ கம் லேட் டுமாரோ?’ இதில் தப்பில்லை. ‘வுட் இட் பி ஓகே இஃப் ஐ கேம் லேட் டுமாரோ?’ என்பது இன்னும் மென்மை. நடந்தாக வேண்டும் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை, நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்ற இடைவெளியை அந்த ‘கேம்’ தருகிறது. தமிழில் ‘லேட்டா வரலாமா’ என்பதற்கும் ‘கொஞ்சம் லேட்டா வந்தா பரவாயில்லீங்களா சார்’ என்பதற்கும் உள்ள தூரம்.

இன்டர்வியூவிலும் இது வரும். ‘இஃப் யூ வேர் செலக்டட், வென் குட் யூ ஜாயின்?’ என்று கேட்டால் மனம் தளர வேண்டாம். உங்களை எடுக்க மாட்டோம் என்று அதற்கு அர்த்தமில்லை. இன்னும் முடிவு செய்யவில்லை என்பதைப் பக்குவமாகக் காட்டும் கேள்வி அது. ‘ஐ குட் ஜாயின் இன் டூ வீக்ஸ்’ என்று அதே தொனியில் பதில் சொல்லுங்கள்.

வேகமாகப் பேசும்போது ‘ஐ’ட்’ என்றே கேட்கிறது. அது ‘ஹேட்’டா, ‘வுட்’டா?

அடுத்த சொல்லைக் கேளுங்கள். ‘இஃப் ஐ’ட் நோன், ஐ’ட் ஹேவ் கம்.’ முதல் ‘ஐ’ட்’டுக்குப் பின் ‘நோன்’ என்ற வி3 (‘நோ, நியூ, நோன்’ என்ற வரிசையில் மூன்றாவது வடிவம்) வருகிறது, அதனால் ‘ஹேட்’. இரண்டாவதுக்குப் பின் ‘ஹேவ்’ வருகிறது, அதனால் ‘வுட்’. ‘ஐ’ட் கோ’ என்று வெறும் வி1 வந்தாலும் ‘வுட்’தான். ‘வுட்’’வ்’ என்று சுருங்குவதைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு ‘வுட் ஆஃப்’ என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே இருக்கிறார்கள். நீங்கள் எழுதாதீர்கள்.

‘ஹேட் ஐ நோன்’ என்று ‘இஃப்’ இல்லாமலே வருகிறதே?

‘இஃப்’பை எடுத்துவிட்டுத் துணைவினையை முன்னால் கொண்டுவந்த வடிவம். ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்பதும் இதுவும் ஒன்றே. ‘ஹேட்’, ‘வேர்’, ‘ஷுட்’ மூன்றும் இப்படி முன்னால் வரும். ஆபீஸ் மெயிலில் தினமும் பார்க்கிற ‘ஷுட் யூ ஹேவ் எனி க்வெரீஸ்’ இந்தக் குடும்பம்தான். எழுத்துக்கு அழகு. வீட்டுப் பேச்சில் விறைப்பாக இருக்கும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற பகுதியைப் பாருங்கள். அங்கே ‘வில்’ இருந்தால் இஃப் பக்கம் நிகழ்காலம். ‘வுட்’ மட்டும் இருந்தால் வி2. ‘வுட் ஹேவ்’ இருந்தால் ‘ஹேட்’டும் வி3-யும். ‘நவ்’, ‘டுடே’, ‘எஸ்டர்டே’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மிக்ஸ்டு வாக்கியத்தை அவைதான் காட்டிக்கொடுக்கும். ‘இஃப்’ பகுதி முதலில் வந்தால் அதன் முடிவில் கமா, பின்னால் வந்தால் பெரும்பாலும் கமா வேண்டாம்.

தினமும் வீட்டில் எப்படிப் பழகுவது?

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் எடுங்கள். அதை மூன்று பஸ்ஸிலும் ஏற்றுங்கள். நேற்று வகுப்பில் கரண்ட்டை எடுத்துக்கொண்டோம். இருட்டில் ஒருவர் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

கரண்ட் வந்தால் போர்டில் எழுதுவோம்: ‘இஃப் த பவர் கம்ஸ் பேக், வி வில் ரைட் ஆன் த போர்ட்.’

இன்வெர்ட்டர் இருந்தால் இருட்டில் உட்கார்ந்திருப்போமா: ‘இஃப் வி ஹேட் அன் இன்வெர்ட்டர், வி வுட்ன்ட் பி சிட்டிங் இன் த டார்க்.’

மூன்றாவதைச் சொன்னவர் ஆறு மாதமாக வாயே திறக்காத ஒரு தையல்கடை அக்கா. ‘இஃப் த பவர் ஹேட் நாட் கான், ஐ வுட் நாட் ஹேவ் ஸ்போக்கன்.’ கரண்ட் போகாமல் இருந்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன்.